கொடுத்துத் தண்டிக்கும் சீட்டுக்கட்டு



சீட்டு என்றதும் நம்மில் பலருக்குச் சூதாட்டமே நினைவுக்கு வருகிறது. இன்று நாம் காணப்போகும் சீட்டு விளையாட்டோ கணக்கும் சிந்தனையும் கலந்தது. 'மேஜிக்: த கேதரிங்' என்பது அதன் பெயர். ரிச்சர்ட் கார்பீல்ட் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் அதனை உருவாக்கினார். 1993ஆம் ஆண்டில் அது வெளிவந்தது.

இந்த விளையாட்டில் எல்லாருக்கும் பொதுவான கட்டு கிடையாது. ஆயிரக்கணக்கான சீட்டுகளிலிருந்து அவரவர் கட்டை அவரவரே தொகுத்துக்கொள்ள வேண்டும். வழக்கமான முறையில் ஒரு கட்டில் குறைந்தது 60 சீட்டுகள் இருக்கும். அடிப்படை நிலச் சீட்டுகளைத் தவிர, வேறெந்தச் சீட்டையும் நான்குக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. நிலச் சீட்டுகளே மற்றச் சீட்டுகளை இறக்குவதற்கான ஆற்றலைத் தருகின்றன. ஒவ்வொருவருக்கும் உயிர்ப் புள்ளிகள் 20. தொடக்கத்தில் கையில் 7 சீட்டுகள். எதிராளியின் 20 புள்ளிகளையும் தீர்த்துவிட்டால் வெற்றி நமதே.

பலர் வீரர்களையும் விலங்குகளையும் களத்தில் இறக்கி நேராகத் தாக்குவார்கள். மற்றொரு வழியும் உண்டு. எதிராளி செய்தே தீரவேண்டிய ஒரு செயலைத் தேர்ந்தெடுத்து, அதைச் செய்யும்போதெல்லாம் அபராதம் விதிப்பதுதான் அது. இதையே தண்டிக்கும் கட்டு என்கிறோம்.

எந்தச் செயலைத் தண்டிப்பது? ஒவ்வொரு முறையும் சீட்டு எடுப்பதை எடுத்துக்கொள்வோம். 1994இல் வெளிவந்த 'அண்டர்வோர்ல்ட் டிரீம்ஸ்' என்ற சீட்டு களத்தில் இருந்தால், எதிராளி எடுக்கும் ஒவ்வொரு சீட்டுக்கும் அவர் ஒரு புள்ளியை இழப்பார். ஒரு முறைக்கு ஒரு புள்ளி என்றால் 20 புள்ளிகள் கரைய நெடுநேரம் ஆகுமே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆகவே, அவரை அதிகமாக எடுக்கவைக்க வேண்டும். 'ஹவ்லிங் மைன்' என்ற சீட்டு அதைச் செய்கிறது. அது ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் அவரவர் முறையில் கூடுதலாக ஒரு சீட்டு வழங்கும். இவ்விரண்டிலும் இரண்டிரண்டு களத்தில் இருந்தால், எதிராளி மூன்று சீட்டுகள் எடுப்பார். ஒவ்வொன்றுக்கும் இரண்டு புள்ளிகள் போக, ஒரே முறையில் 6 புள்ளிகள் குறையும். நான்கு முறைகளில் ஆட்டம் முடிந்துவிடும்.

இப்போது 'பிளாக் வைஸ்' என்ற சீட்டையும் சேர்ப்போம். எதிராளியின் முறை தொடங்கும்போது, அவர் கையில் நான்குக்கு மேல் இருக்கும் ஒவ்வொரு சீட்டுக்கும் அது ஒரு புள்ளியைப் பறிக்கும். நாம் கொடுக்கக் கொடுக்க அவர் கை நிறையும்; கை நிறைய நிறையத் தண்டனையும் வளரும்.

இங்கேதான் பல இளைஞர்கள் தவறு செய்கிறார்கள். 'த ராக்' என்று ஒரு சீட்டு உண்டு. எதிராளியின் கையில் மூன்றுக்குக் குறைவாகச் சீட்டு இருந்தால், குறைகின்ற எண்ணிக்கைக்கு ஏற்ப அது தண்டிக்கும். "இதுவும் தண்டனைதானே, இதையும் சேர்ப்போம்" என்று எண்ணத் தோன்றும். சற்றே கணக்குப் பார்ப்போம். ஒன்று நிறைந்த கையைத் தண்டிக்கிறது. மற்றொன்று வெறுங்கையைத் தண்டிக்கிறது. எதிராளி மூன்று அல்லது நான்கு சீட்டுகளை வைத்துக்கொண்டால் இரண்டுமே அவரைத் தொடமாட்டா! 'த ராக்' சீட்டைக் குறை சொல்ல வேண்டியதில்லை. எதிராளியின் சீட்டுகளை வீசியெறிய வைக்கும் கட்டில் அது சிறந்து விளங்கும். ஆனால், சீட்டுகளை அள்ளிக் கொடுக்கும் கட்டில் அதற்கு வேலையில்லை. ஒரு கட்டுக்கு ஒரே நோக்கம் என்பது இதனால்தான்.

இனி, எத்தனை சீட்டு வைப்பது? 60 சீட்டுகளில் ஒரு சீட்டு நான்கு இருந்தால், முதல் ஏழில் அது ஒன்றாவது வருவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 40 விழுக்காடு. ஒரே வேலையைச் செய்யும் சீட்டுகள் எட்டு இருந்தால் அது 65 விழுக்காடாக உயரும். எனவே, தண்டிப்பதற்கு எட்டு, கொடுப்பதற்கு எட்டு, நிலம் 24 என்று தொடங்கலாம். மீதமுள்ள 20 சீட்டுகளைத் தற்காப்புக்கு வைப்போம்.

அந்த 20 சீட்டுகளை யாரும் அலட்சியம் செய்ய வேண்டாம். நாம் கொடுக்கும் சீட்டுகள் எதிராளிக்கு ஆயுதங்களும் ஆகின்றன. அபராதச் சீட்டு களத்துக்கு வருமுன் வாரி வழங்கினால், அது பாம்புக்குப் பால் வார்த்த கதையாகிவிடும். அவர் வேகமாகத் தாக்குவார். அதைத் தாங்கி நிற்க நமக்கு வலிமை வேண்டும். முதலில் அபராதம், பிறகே அன்பளிப்பு என்ற வரிசையை மறக்கலாகாது.

பழைய சீட்டுகள் எல்லாப் போட்டிகளிலும் ஏற்கப்படுவதில்லை என்பதையும் நினைவில் கொள்வோம். 'லெகசி' என்னும் போட்டி முறையில் பிளாக் வைஸ் 2015 வரை தடை செய்யப்பட்டிருந்தது. ஆகவே, பணம் கொடுத்து வாங்குமுன் விதிகளைப் பார்ப்பது அறிவுடைமை.

நிறைவாக ஒன்று. எதிராளியை எதுவுமே செய்யவிடாமல் கட்டிப்போடும் கட்டுகளும் உண்டு. அவற்றால் வெல்லலாம், ஆனால், கைகட்டி உட்கார்ந்திருந்த நண்பர் மறுநாள் ஆட வருவாரா? நாம் விளக்கிய கட்டு அவருக்குச் சீட்டும் தருகிறது, சிந்திக்க வாய்ப்பும் தருகிறது. ஒவ்வொன்றுக்கும் விலை மட்டுமே கேட்கிறது. அந்த விலையைக் கொடுத்தும் அவர் வென்றுவிட்டால், அவருக்குக் கைகொடுத்துவிட்டு நம் கட்டை மீண்டும் பிரித்துப் பார்ப்போம். நமக்குப் பாடம் அங்கேதான் இருக்கும்.