வெட்டுத் துணியும் விலைபோகும்!

தீபாவளி வியாபாரம் முடிந்ததும் ஜவுளிக்கடைக்காரர்களுக்கும் தையல் கடைக்காரர்களுக்கும் ஒரு வேலை மிஞ்சும். மூலையில் குவிந்த வெட்டுத் துணிகளை மூட்டை கட்டி அப்புறப்படுத்துவதுதான் அது. அந்தத் துணியிலிருந்து, தையல் மெஷின் இல்லாமலே, நம் கடையில் வைத்து விற்கத்தக்க கால்மிதி செய்யலாம். விழிதியூர் போன்ற நம் காரைக்கால் பகுதிக் கிராமங்களில், வயல் வேலை இல்லாத நாட்களில் பெண்கள் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய தொழில் இது. ஒரு கத்தரிக்கோல், ஒரு கோணி ஊசி, கொஞ்சம் தடித்த நூல், முதலீடு அவ்வளவே.

செய்யும் முறை

பருத்தித் துணியை ஒன்றரை அங்குல அகல நாடாக்களாக வெட்டிக்கொள்ள வேண்டும். நாடாவுக்கு நாடா இணைக்கத் தையல் வேண்டாம். இரண்டு நுனிகளிலும் சிறு துளை வெட்டி, ஒன்றை மற்றதில் நுழைத்து, வாலைத் தன் துளை வழியே இழுத்தால் முடிச்சு விழுந்துவிடும். பிறகு மூன்று நாடாக்களைச் சடை போலப் பின்னி, அந்தச் சடையைத் தரையில் வைத்துச் சுற்றிச் சுற்றிக் கோணி ஊசியால் பக்கவாட்டில் பிணைக்க வேண்டும். வளைவில் இறுக்கி இழுத்தால் கால்மிதி கிண்ணம் போலக் குவிந்துவிடும். தளர்த்தியே விட வேண்டும்.

இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலத்தில் நீள்வட்டமாக வேண்டுமா? நீளத்தில் அகலத்தைக் கழித்தால் மிஞ்சும் அரை அடிதான் நடுவில் போடும் முதல் கோடு. அதைச் சுற்றி வளர்த்தால் அளவு சரியாக வரும்.

திருப்பூர் பனியன் துணி கிடைத்தால் இன்னும் நல்லது. அகலவாக்கில் வெட்டி இழுத்தால் தானே கயிறுபோலச் சுருண்டுகொள்ளும், ஓரம் பிரியாது.

சாக்கிலும் செய்யலாம்

வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் 19-ஆம் நூற்றாண்டிலும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும், தொழிலாளர் வீடுகளில் பழந்துணித் துண்டுகளைச் சணல் சாக்கில் செருகித் தரைவிரிப்பு செய்தார்கள். அந்நாளில் நம் வங்காளத்துச் சணல்தான் கப்பலேறி ஸ்காட்லாந்தின் டண்டி நகர ஆலைகளுக்குப் போனது. ஆக, மளிகைக்கடையின் காலிச் சாக்கும் ஜவுளிக்கடையின் துண்டும் சேர்ந்தாலே ஒரு சரக்கு உருவாகிவிடுகிறது.

வாங்குமுன் கவனிக்க

நான் முதலில் வாங்கி வைத்த கால்மிதிகளில் பாதி பாலியஸ்டர் துண்டுகள். தண்ணீரை உறிஞ்சவில்லை, டைல்ஸ் தரையில் வழுக்குகிறது என்று திருப்பிக் கொண்டுவந்தார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றுமுதல் பருத்தியைத் தனியே பிரித்துத்தான் கொடுக்கிறேன். துணியை ஒருமுறை நனைத்துக் காயவைத்துவிட்டால், சாயம் போகிறதா, சுருங்குகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

நம் பகுதிக்கே உரிய இன்னொரு விஷயம். திருநள்ளாறு நளன் குளத்தில் நீராடுவோர் உடுத்திய துணியை விட்டுச்செல்வது வழக்கமாதலால், "இது எந்தத் துணி?" என்று வாடிக்கையாளர் தயங்கலாம். புதுத் துணியின் வெட்டுத் துண்டு என்று அட்டையில் எழுதிவைப்பது நல்லது. எழுதியபடி நடப்பது அதைவிட முக்கியம்.

விலை எப்படி?

இங்குதான் நாம் தவறு செய்கிறோம். துணி இலவசம், ஆகவே கால்மிதியும் மலிவாக வேண்டும் என்று பேரம் பேசுகிறோம். மேலே சொன்ன அளவுக்கு, ஓர் அங்குல அகலச் சடை சுமார் 30 அடி வேண்டும். பின்னும்போது நீளம் குறைவதால், மூன்று நாடாக்களும் சேர்ந்து 120 அடிக்கு மேல் போகும். அத்தனையையும் வெட்டி, முடிந்து, பின்னி, ஊசியால் பிணைப்பது கைதான். கூலியைக் கணக்கிட்டு, நூல் செலவைச் சேர்த்து, அதன்மேல் நம் லாபத்தை வைப்பதே முறை. அந்த விலைக்கு விற்காது என்று தோன்றினால் குறைந்த எண்ணிக்கையில் வாங்குவோம். கூலியில் கை வைக்க வேண்டாம்.

"விற்றதும் தருகிறோம்" என்று சரக்கை வாங்கி வைப்பதும் வேண்டாம். மொத்த வியாபாரியிடம் நாம் கடன் சொல்லலாம். அவருக்கு அதைத் தாங்கும் முதல் உண்டு. பின்னிக் கொண்டுவரும் பெண்ணுக்கு ஏது? பத்தே கால்மிதியானாலும் ரொக்கம் கொடுத்து வாங்குங்கள். அடுத்த மாதமும் சரக்கு வரும், தரமும் குறையாது.

குப்பைக்குப் போகும் மூட்டையை இந்தத் தீபாவளிக்கு ஒருமுறை பிரித்துப் பாருங்கள், வணிக நண்பர்களே!