கியர்பாக்ஸ் முதலில், ஷாஃப்ட் கடைசியில்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பேசலாம். ஜீப்பை உயர்த்திக் கட்டியவர்கள் இரண்டு கேள்விகளோடு வருவார்கள். பழைய கியர்பாக்ஸை மாற்றலாமா? உயர்த்திய நாளிலிருந்து அடியில் ஓர் அதிர்வு வருகிறதே, அது ஏன்? எஞ்சினிலிருந்து கியர்பாக்ஸ், சக்தியை முன் பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் வழியாகப் பின் அச்சு வரை சக்தி போவது ஒரே வரிசையில்தான். அதனால் இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்ல வேண்டும்.

ஜீப் ரேங்லர் ஒய்ஜேயை எடுத்துக்கொள்வோம். 1987 மாடலாக அமெரிக்காவில் வந்த வண்டி. ஆறு சிலிண்டர் எஞ்சின் கொண்ட முதல் சில ஆண்டு வண்டிகளில் பெஜோவின் பிஏ-10/5 என்ற ஐந்து கியர் பெட்டி இருந்தது. பெரிய டயரையும் பாறை ஏற்றத்தையும் அது நெடுநாள் தாங்குவதில்லை. 1989 நடுவில் ஜீப்பே அதைக் கைவிட்டு, ஜப்பானின் ஐசின் தயாரித்த ஏஎக்ஸ்-15 பெட்டிக்கு மாறியது. அந்தப் பழைய பெட்டியைப் பிரித்துச் செலவு செய்வதைவிட ஏஎக்ஸ்-15 தேடிப் போடுவதே மேல்.

வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். ஒன்று, கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர். 1993 வரை அது பெல் ஹவுசிங்குக்கு உள்ளே இருந்தது. கசிந்தால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். 1994 முதல் வெளியே வந்துவிட்டது. பெட்டியும் பெல் ஹவுசிங்கும் அந்தப் பிந்தைய வகையாகக் கிடைத்தால் நல்லது. இரண்டு, பெட்டியின் வெளியீட்டு ஷாஃப்டில் 23 பல். உங்கள் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் உள்ளீட்டு கியரிலும் அதே எண்ணிக்கை இருக்க வேண்டும். மூன்று, எண்ணெய். இந்தப் பெட்டியின் சிங்க்ரோ வளையங்கள் பித்தளை. டிஃபரென்ஷியலுக்கான ஜிஎல்-5 எண்ணெயில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் பித்தளையை அரிக்கக்கூடும். கையேடு சொல்லும் தரத்தையே ஊற்றுங்கள்.

இன்னும் மெதுவாக ஊர்ந்து ஏற வேண்டும் என்பவர்கள் என்வி-4500 என்ற இரும்புப் பெட்டிக்குப் போகிறார்கள். ஏஎக்ஸ்-15இன் முதல் கியர் 3.83, என்வி-4500இன் முதல் கியர் 5.61. ட்ரான்ஸ்ஃபர் கேஸின் லோ விகிதம் 2.72, அச்சு விகிதம் 3.07 என்று வைத்துப் பெருக்கினால் முன்னது 32, பின்னது 47. வண்டி அந்த அளவுக்கு நிதானமாக ஏறும். ஆனால் முதல் கியர் கூட்டும் முறுக்குவிசை முழுவதும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் வழியாகத்தான் அச்சுக்குப் போக வேண்டும். இந்த மாற்றத்தில் லோ முதல் கியரில் ஷாஃப்டின் மேல் விழும் முறுக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. பெட்டியைப் பலப்படுத்திவிட்டு ஷாஃப்டை அப்படியே விட்டால், அடுத்து உடைவது அதன் முனையிலுள்ள யுனிவர்சல் ஜாயின்ட்தான்.

இனி அதிர்வுக்கு வருவோம். வண்டியை உயர்த்தும்போது ட்ரான்ஸ்ஃபர் கேஸ் மேலே போகிறது, அச்சு இருந்த இடத்திலேயே நிற்கிறது. ஒய்ஜேயின் பின் ஷாஃப்ட் குட்டை என்பதால் சாய்வு சட்டென்று ஏறிவிடும். 45 சென்டிமீட்டர் ஷாஃப்ட் ஒன்று 8 டிகிரி சாய்வில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை 10 சென்டிமீட்டர் உயர்த்தினால் சாய்வு 20 டிகிரியாகும். ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்குள் நழுவி நகரும் ஸ்லிப் யோக்கும் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வெளியே இழுபடும், உள்ளே பிடிமானம் குறையும்.

சாய்ந்த ஜாயின்ட் ஒரே வேகத்தில் சுற்றாது. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். 8 டிகிரியில் இந்த ஏற்ற இறக்கம் சுமார் 1 சதவீதம், 20 டிகிரியில் 6 சதவீதம். இரு முனைச் சாய்வும் சமமாக இருந்தால் ஒன்றின் பிழையை மற்றது நேர்செய்யும். ஆனாலும் நடுவிலுள்ள குழாய் திணறிக்கொண்டேதான் சுற்றும். நீங்கள் இருக்கையில் உணரும் அதிர்வு அதுதான்.

ட்ரான்ஸ்ஃபர் கேஸைத் துண்டு வைத்துக் கீழே இறக்குவது மலிவான வழி. ஆனால் உயர்த்திப் பெற்ற தரை இடைவெளியில் ஒரு பகுதி அதில் போய்விடும். சரியான தீர்வு, ட்ரான்ஸ்ஃபர் கேஸின் நீண்ட வால் பகுதியைக் கழற்றிவிட்டு, குட்டையான மெயின் ஷாஃப்டும் நிலையான யோக்கும் பொருத்துவது. ஷாஃப்டுக்குக் கூடுதல் நீளம் கிடைக்கும், சாய்வு குறையும். நீண்டு சுருங்கும் வேலையை ஷாஃப்டே தன் ஸ்ப்லைனில் செய்துகொள்ளும். வழியில் பின் ஷாஃப்ட் உடைந்தாலும் அதைக் கழற்றிவிட்டு, எண்ணெய் ஒழுகாமல், முன் சக்கர இழுப்பில் மெல்ல வீடு சேரலாம்.

இதோடு டபுள் கார்டன் ஷாஃப்ட் சேர வேண்டும். ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் இரண்டு ஜாயின்ட்கள் அடுத்தடுத்து அமர்ந்து சாய்வைப் பங்கிட்டு, வேக வேறுபாட்டைத் தங்களுக்குள்ளேயே தீர்த்துக்கொள்ளும். அச்சுப் பக்கம் இருப்பது ஒற்றை ஜாயின்ட். அதனால் அச்சின் பினியன், ஷாஃப்டை நேராகப் பார்க்க வேண்டும். நின்ற நிலையில் ஒன்றிரண்டு டிகிரி தாழ்வாக வையுங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது அது மேலெழுந்து நேராகிவிடும். பட்டை ஸ்பிரிங் உள்ள ஒய்ஜேயில் இதை ஆப்புத் தகடு வைத்துத் திருத்தலாம்.

பலர் பணத்தை இழப்பது செய்யும் வரிசையில்தான். ஷாஃப்டை முதலில் வாங்கிவிடுவார்கள். பிறகு நீளமான கியர்பாக்ஸ் வந்து ட்ரான்ஸ்ஃபர் கேஸைப் பின்னுக்குத் தள்ளும், புது ஷாஃப்ட் பொருந்தாமல் போகும். ஆகவே ஸ்பிரிங்கும் டயரும் முதலில். அடுத்து கியர்பாக்ஸ், அதன் பின் நிலையான யோக், பினியன் கோணம். எல்லாம் முடிந்து, வண்டி தன் முழு எடையோடு சக்கரங்களில் நிற்கும்போது யோக்கிலிருந்து யோக்குக்கு அளந்து, அந்த அளவில் ஷாஃப்ட் செய்யச் சொல்லுங்கள். பொருத்தியதும் சட்டத்தை உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்தி, அச்சைத் தொங்கவிட்டு, ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். எங்கும் முட்டக் கூடாது, ஸ்ப்லைன் வெளியே வரவும் கூடாது. முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு யூ-போல்ட்டுகளையும் யோக் போல்ட்டுகளையும் மறுபடி முறுக்கிவிடுங்கள்.