மஞ்சள் வில் பழுப்பாவது ஏன்?

குட்டி விஞ்ஞானிகளே, ஒரு புதிர். ஒரே மரத்தில் செய்த இரண்டு வில் உங்கள் முன்னால் இருக்கின்றன. ஒன்று பளீர் மஞ்சள். மற்றது அடர் பழுப்பு. இவற்றில் எது பழையது?

“பழுப்பு வில்தான்!” என்று சட்டெனச் சொல்லிவிடாதீர்கள். முதலில் அந்த மரத்தைத் தெரிந்துகொள்வோம்.

அதன் பெயர் ஓசேஜ் ஆரஞ்சு. அமெரிக்காவின் டெக்சாஸ், ஓக்லஹோமா, ஆர்கன்சாஸ் பகுதிகளைச் சொந்த ஊராகக் கொண்ட முள்மரம். ஓசேஜ் என்ற பழங்குடியினர் இதில் வில் செய்வதில் வல்லவர்கள். நன்றாக வளையும், விட்டதும் விசையோடு நிமிரும், எளிதில் உளுக்காது. ஒரு வில்லுக்கு வேறென்ன வேண்டும்? இந்த மரத்தைத் தேடிப் பழங்குடி மக்கள் பல நூறு மைல் தூரம் போவார்கள் என்று, பயணி மெரிவெதர் லூயிஸ் 1804-இல் அதிபர் ஜெஃபர்சனுக்கு எழுதினார். கூடவே அந்த மரத்தின் குச்சிகளையும் அனுப்பி வைத்தார்.

வில் செய்பவர் முதலில் பட்டையை உரிப்பார். அடுத்து, வெளிறிய மேல்மரத்தைச் சீவி எறிவார். உள்ளே இருப்பதுதான் வைரம் பாய்ந்த பகுதி. வெட்டிய அன்று அதைப் பார்த்தால் மஞ்சள் சாயம் பூசியதுபோல் இருக்கும். அந்தப் பகுதியின் சீவலை வெந்நீரில் போட்டால் தண்ணீரும் மஞ்சளாகிவிடும். முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க வீரர்களின் காக்கி உடைக்குச் சாயம் ஏற்றவும் இம்மரம் பயன்பட்டது.

ஆனால் வில்லை வெளிச்சத்தில் வைத்துப் புழங்கப் புழங்க, மஞ்சள் மங்கும். முதலில் ஆரஞ்சு கலந்த பழுப்பாகும். ஆண்டுகள் போனால் அடர் பழுப்பாகிவிடும். யாரும் சாயம் பூசவில்லை. பிறகு எப்படி?

வேலையைச் செய்வது வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர். மரம் என்பது நுண்ணிய நார்களின் கட்டு. அந்த நார்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசையின் பெயர் லிக்னின். புற ஊதாக் கதிரை லிக்னின் உறிஞ்சிக்கொள்ளும். அந்த ஆற்றலில் அதன் மூலக்கூறுகள் உடையும். உடைந்த துண்டுகள் சும்மா இருக்குமா? காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து குயினோன் என்ற வகைப் புதுப் பொருள்களாக மாறும். இவை நீல ஒளியை விழுங்கிவிடும். மிச்ச ஒளிதான் நம் கண்ணுக்கு வரும். அதனால் மரம் மஞ்சளாகவோ பழுப்பாகவோ தெரியும். ஜன்னலோரம் கிடக்கும் செய்தித்தாள் மஞ்சளாவதற்கும் இதே லிக்னின்தான் காரணம்.

ஓசேஜ் ஆரஞ்சில் இன்னொன்றும் உண்டு. அதன் வைரத்தில் மோரின் போன்ற மஞ்சள் நிறப்பொருள்கள் நிறைய இருக்கின்றன. ஒளியும் காற்றும் பட்டால் இவையும் மாறி, நிறத்தை இன்னும் கருக்க வைக்கும்.

இப்போது பழுப்பு வில்லைக் கையில் எடுங்கள். கைப்பிடியில் சுற்றியுள்ள தோலை அவிழ்த்தால், அடியில் மஞ்சள்! ஓரத்தில் கத்தியால் லேசாகச் சுரண்டினால் அங்கேயும் மஞ்சள்! புற ஊதாக் கதிர் மரத்துக்குள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடப் போவதில்லை. நாம் காணும் ஒளி சற்றே ஆழம் போகும், அவ்வளவுதான். வில்லின் பலமோ உள்ளே இருக்கும் மரத்தில். ஆகவே நிறம் மாறியதால் மட்டும் வில் வலுவிழக்காது.

நிறம் மாறாமல் இருக்கப் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிஷ் பூசுவார்கள். அதனால் மாற்றம் மெதுவாகும்; அடியோடு நிற்காது.

இந்த ஓசேஜ் ஆரஞ்சுக்கு நம் ஊரில் ஒரு உறவினர் உண்டு. யார் தெரியுமா? பலா! இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். பலா வைரத்திலும் மோரின் இருக்கிறது. புதிதாக அறுத்த பலா மரம் மஞ்சளாக இருக்கும். நாளானால் செம்பழுப்பாகும். தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் செய்யப்படுவது. இலங்கை, தாய்லாந்து போன்ற நாடுகளில் புத்த பிக்குகளின் ஆடைக்குப் பலா வைரத்திலிருந்து சாயம் எடுத்தார்கள்.

அதனால் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். தச்சுப் பட்டறையில் ஒரு பலாத் துண்டு கேளுங்கள். ஒரு பக்கத்தைப் புதிதாக இழைத்துத் தரச் சொல்லுங்கள். அதில் பாதியை அலுமினியத் தாளால் இறுக்கமாக மூடி, நனையாமல் வெயிலில் வையுங்கள். இரண்டு வாரம் கழித்துத் தாளைப் பிரித்து, இரண்டு பாதிகளையும் ஒப்பிடுங்கள்.

புதிருக்கு விடை? நிறத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது! இருட்டுப் பெட்டியில் கிடந்த பழைய வில் மஞ்சளாகவே இருக்கலாம். வெயிலில் கிடந்த புதிய வில் அதற்கு முன்பே பழுப்பாகியிருக்கலாம். மரத்தின் நிறம் அது எத்தனை வெளிச்சம் பார்த்தது என்பதைத்தான் சொல்லும். எத்தனை வயது என்பதை அல்ல.