புது சேஸி பொருந்தவில்லையா? ட்ரில்லைத் தொடும் முன் கயிற்றைப் பிடியுங்கள்!

காஞ்சிபுரத்தில் நண்பர் ஒருவரின் வீட்டுப் பின்கட்டு. அப்பா ஓட்டிய பழைய மஹிந்திரா எம்.எம்.540 ஜீப் அக்குவேறு ஆணிவேறாகக் கிடந்தது. பாடி ஒரு பக்கம், இன்ஜின் ஒரு பக்கம். நடுவில் ரெட் ஆக்சைடு பூசிய புத்தம்புது சேஸி. ஒரு காலத்தில் பட்டும் ஜரிகையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகத் தறிக்காரர்கள் வீட்டுக்குப் போன வண்டி அது. அப்பா காலமான பிறகு, “வித்துடாதடா, ஓட வைடா” என்று அம்மா சொன்ன ஒரே வார்த்தைக்காக நண்பர் கையிருப்பை எல்லாம் அதில் போட்டிருந்தார்.

பாடியைத் தூக்கி சேஸி மேல் வைத்தார்கள். முன்னால் நான்கு போல்ட்டு உட்கார்ந்தது. பின்னால் இரண்டு உட்காரவில்லை. ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவே கட்டைவிரல் அகலத்துக்கு இடைவெளி.

“ஒண்ணும் இல்லண்ணே, கேஸ் கட்டர்ல ரெண்டு ஓட்டையையும் கொஞ்சம் இழுத்து விட்டா உக்காந்துடும்” என்றார் மெக்கானிக்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு நெசவாளர் பெரியவர் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். “தம்பி, மூலைக்கு மூலை கயிறு புடிச்சுப் பாத்தீங்களா?”

யாரும் பிடித்துப் பார்க்கவில்லை. பழைய வண்டியைப் புதுப்பிக்கும் பலர் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

பொருந்தவில்லை என்றால், தப்பு யார் மேல்?

புது சேஸி பொருந்தாதபோது முதலில் விற்றவரைத் திட்டுவோம். அடுத்து வெல்டிங் மிஷினைத் தேடுவோம். இரண்டுக்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: கோணல் எதில்? புது சேஸியிலா, பழைய பாடியிலா, அல்லது இரண்டுமே சரியாக இருந்து மாடல்தான் வேறா?

ஜீப், லாரி, பழைய வேன் போன்ற வண்டிகளில் சேஸி தனி, பாடி தனி. இரண்டு நீளமான இரும்புச் சட்டங்கள், அவற்றை இணைக்கும் கிராஸ் மெம்பர்கள் என ஏணி மாதிரி இருப்பதால் இதை ‘லேடர் ஃபிரேம்’ என்பார்கள். இன்ஜின், ஸ்பிரிங் பட்டை, ஸ்டீயரிங் பாக்ஸ் எல்லாம் இதில்தான் தொங்குகின்றன. இது கோணினால் வண்டியே கோணும்.

காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கம் பெரிய வாகனத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. அந்த மாதிரி தொழிற்சாலைகளில் ஃபிரேமை வெல்டிங் செய்யும்போது ‘ஜிக்’ என்ற அச்சுச் சட்டத்தில் இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். அதனால் ஆயிரம் ஃபிரேம் செய்தாலும் ஓட்டை ஒரே இடத்தில் விழும். ஜிக் இல்லாமல் தரையில் வைத்து வெல்டிங் அடித்தால், சூட்டில் விரிந்த இரும்பு ஆறும்போது சுருங்கி ஒரு பக்கமாக இழுக்கும். செய்தவர் நேர்மையாகச் செய்திருந்தாலும் சேஸி சில மில்லிமீட்டர் திரும்பிவிடும்.

பாடியும் சாமானியப்பட்டது இல்லை. முப்பது வருஷம் ஓடிய வண்டியில் தரைத் தகடு துருப்பிடித்து, மூன்று முறை டிங்கரிங் பார்த்து, பழைய சேஸியின் வளைவுக்கு ஏற்றபடி தானும் வளைந்திருக்கும். அதை நேரான சேஸியில் வைத்தால் பொருந்தாது.

மாடல் குழப்பம் தனி. ‘ஜீப் சேஸி’ என்று கேட்டு வாங்கினால் போதாது. பழைய சி.ஜே.3பி-யின் வீல்பேஸ் 80 அங்குலம். எம்.எம்.540 அதைவிட நீளம். பெட்ரோல், டிராக்டர் வழி வந்த டீசல், பெஜோ டீசல் என்று மஹிந்திரா ஜீப்களில் இன்ஜின்கள் மாறியிருக்கின்றன. இன்ஜின் மாறினால் மவுன்ட் உட்காரும் இடமும் மாறும்.

குறைந்த செலவில் நான்கு சோதனைகள்

டேப், சாக்பீஸ், தூக்குக்குண்டு, ரசமட்டம். கொத்தனார் பையில் இருக்கும் இந்தச் சாமான்கள் போதும். சேஸியை சமமான சிமென்ட் தரையில் நான்கு ஸ்டாண்டு மேல் வையுங்கள்.

1. மூலைக்கு மூலை: இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் ஓட்டைகளைத் தேர்ந்தெடுத்து, தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது காட்டும் இடத்தைத் தரையில் சாக்பீஸால் குறியுங்கள். முன் இடதிலிருந்து பின் வலது, முன் வலதிலிருந்து பின் இடது என்று இரண்டு அளவையும் எடுங்கள். இரண்டும் சமமாக இருந்தால் சட்டம் சதுரம். 3 மி.மீ. வரை வித்தியாசம் என்றால் பொதுவாகப் பயமில்லை. அதற்கு மேல் போனால் அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும்.

2. முறுக்கு: முன், நடு, பின் என்று மூன்று இடத்தில் குறுக்கே ரசமட்டம் வையுங்கள். மூன்றிலும் குமிழி ஒரே இடத்தில் நிற்க வேண்டும். முன்னால் இடது பக்கமும் பின்னால் வலது பக்கமும் போனால் சேஸி முறுக்கிக்கொண்டிருக்கிறது.

3. இரு பக்க நீளம்: முன் ஸ்பிரிங் பட்டை மாட்டும் ஓட்டையிலிருந்து பின் ஸ்பிரிங் பட்டை மாட்டும் ஓட்டை வரை, இடது பக்கமும் வலது பக்கமும் தனித்தனியாக அளந்து பாருங்கள்.

4. பழையதோடு ஒப்பீடு: கழற்றிய பழைய சேஸியையும் இதேபோல் அளந்து, இரண்டையும் ஒரே தாளில் எழுதுங்கள். இதற்காகவே, வேலை முடியும் வரை பழைய சேஸியைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள்!

இதன் பிறகு பாடியை வைத்து எல்லா போல்ட்டையும் கையால் மட்டும் திருகிப் பாருங்கள். ஸ்பேனர் வேண்டாம். எல்லா ஓட்டையும் ஒரே பக்கம் ஒரே அளவு தள்ளியிருந்தால் பாடியை நகர்த்தினாலே போதும். பின்னால் போகப் போக வித்தியாசம் கூடினால் நீளத்தில் தப்பு. ஒரே ஒரு மூலை மட்டும் தூக்கிக்கொண்டு நின்றால் முறுக்கு.

எதைச் சரிசெய்யலாம், எதைத் தொடவே கூடாது?

பாடிக்கும் சேஸிக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி மட்டும்தான் என்றால், ரப்பர் மவுன்ட்டுக்குக் கீழே இரும்பு வாஷர் வைத்து நிரப்பலாம். ஓட்டை லேசாகத் தள்ளியிருந்தால், சேஸியை விட்டுவிட்டு பாடியில் உள்ள பிராக்கெட்டைக் கழற்றி மாற்றி வையுங்கள். பாடி தகடு, தப்பானாலும் திருத்திக்கொள்ளலாம். சேஸி சட்டத்தில் கண்ட இடத்தில் ஓட்டை போட்டால், அந்த இடத்தில்தான் பின்னாளில் விரிசல் ஆரம்பிக்கும்.

ஸ்பிரிங் பட்டை, ஸ்டீயரிங் பாக்ஸ், இன்ஜின் மவுன்ட் ஆகிய மூன்றின் ஓட்டைகளை ஒருபோதும் இழுத்துப் பெரிதாக்கக் கூடாது. அவை இடம் மாறியிருந்தால் சேஸியைத் திருப்பிக் கொடுப்பதுதான் வழி. கேஸ் வைத்துச் சூடாக்கி நிமிர்த்துவதும் வேண்டாம். சூடு பட்ட இடம் பலம் இழக்கும். 

“இறுக்கினா உக்காந்துடும்” என்பது உண்மைதான். அன்றைக்கு உட்கார்ந்துவிடும். ஆனால் இழுத்துப் பிடித்த பாடி எந்நேரமும் இறுக்கத்திலேயே இருக்கும். சில மாதங்களில் வெல்டிங் விட்டுப்போகும், கதவு சாத்தாது, முன் கண்ணாடியில் கீறல் ஓடும். அச்சு நேராக இல்லாவிட்டால் வண்டி நண்டு மாதிரி பக்கவாட்டில் போகும். டயர் ஒரு பக்கம் மட்டும் தேயும். எத்தனை முறை வீல் அலைன்மென்ட் செய்தாலும் தீராது.

அதனால் பெயின்ட், பவுடர் கோட்டிங் எல்லாம் கடைசியில். முதலில் வெறும் சேஸியில் ஒத்திகை பாருங்கள். பெயின்ட் அடித்த பொருளை யாரும் திரும்ப வாங்க மாட்டார்கள். “மாட்டிப் பார்த்துச் சரியில்லை என்றால் திருப்பி எடுத்துக்கொள்கிறோம்” என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பாக்கிப் பணத்தை ஒத்திகை முடிந்த பிறகு கொடுங்கள்.

இரும்பில் இருக்கும் எண்

பலரும் கடைசியில் யோசிக்கும் விஷயம் இது. முதலில் யோசித்திருக்க வேண்டும். ஆர்.சி-யில் இருக்கும் சேஸி எண் பழைய சட்டத்தில் அடிக்கப்பட்டிருக்கிறது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, ஆர்.சி-யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது.

எனவே சேஸி வாங்கும் முன்பே ஆர்.டி.ஓ அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். பழைய எண்ணை வெட்டி எடுத்துப் புதியதில் ஒட்டுவது, புதிதாக எண் அடிப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம். ஆர்.சி புதுப்பிக்கப் போகும்போது சேஸி எண்ணைத்தான் முதலில் தேடுவார்கள்.

50 வயதைத் தாண்டிய வண்டி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2021 ஜூலையில் வந்த விதிகளின்படி அப்படிப்பட்ட வண்டியை ‘வின்டேஜ்’ என்று பதிவு செய்யலாம். முதல் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் சேஸி, பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. புது சேஸி போட்டால் அந்தத் தகுதியே கேள்விக்குறியாகிவிடும்.

பின்கட்டில் என்ன ஆனது?

பெரியவர் தறிக்கட்டைகளைச் சரிபார்க்கும் கண்ணோடு கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தார். புது சேஸியில் மூலைக்கு மூலை 14 மி.மீ. வித்தியாசம். இடது பின் ஸ்பிரிங் பட்டை ஓட்டையும் பின்னால் தள்ளியிருந்தது. அடுத்து பழைய சேஸியை அளந்தார்கள். 2 மி.மீ. தான்! பின் கிராஸ் மெம்பரும் அதை ஒட்டிய ஒரு முழம் சட்டமும்தான் துருவில் போயிருந்தன. எண் அடித்திருந்த பகுதி சுத்தமாக இருந்தது.

“தறி கோணினா சேலையும் கோணும் தம்பி. அப்புறம் சேலையத் திட்டி என்ன பிரயோஜனம்?” என்றார் பெரியவர்.

புது சேஸி திரும்பிப் போனது. போக்குவரத்துச் செலவு நண்பர் தலையில். பழையதில் துருப்பிடித்த பகுதியை மட்டும் வெட்டி, அதே கனத்தில் இரும்பு வைத்து, சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக வெல்டிங் செய்தார்கள். ஒவ்வொரு முறையும் ஆறவிட்டு மறுபடி கயிறு பிடித்தார்கள். கேஸ் கட்டர் கேட்ட அதே மெக்கானிக்தான் இந்தத் தடவை டேப்பின் மறுமுனையைப் பிடித்தார்.

மூன்று மாதம் கழித்து, அம்மாவை முன் சீட்டில் உட்கார வைத்து நண்பர் நான்கு ராஜ வீதிகளையும் ஒரு சுற்று சுற்றி வந்தார். கதவு ஒரே தள்ளலில் சாத்திக்கொண்டது.