காந்தம் வேகத்தைக் கூட்டாதாமே, அப்போ தள்ளுறது யாரு?

இந்த வாரக் கேள்வி தியாகதுருகத்துல இருந்து வந்தது. கேட்டது, அங்க பிளஸ் டூ படிக்கிற என் அண்ணன் பொண்ணு. “சித்தப்பா, காந்தப்புலம் துகளோட திசையை மட்டும்தான் மாத்தும், வேகத்தைக் கூட்டாதுன்னு பாடத்துல இருக்கு. சூரியன்ல துகள்களைத் தள்ளுறதே காந்தப்புலம்தான்னு நீங்க சொல்றீங்க. எது சரி?”

ரெண்டும் சரி. மாறாத காந்தப்புலம் துகளை வளைக்கும், அவ்வளவுதான். அதே புலம் மாறினாலோ நகர்ந்தாலோ அங்க மின்புலம் உண்டாகும். வேகத்தைக் கூட்டுறது அந்த மின்புலம்.

சூரியனோட கரோனா, பத்து லட்சம் டிகிரிக்கு மேல கொதிக்கிற பிளாஸ்மா. காந்தக் கோடுகள் அதோட ஒட்டிக்கிட்டு முறுக்கிக்கிட்டே போகும். எதிரெதிர் திசைக் கோடுகள் ரொம்ப நெருங்குற இடத்துல அந்தப் பிடி விட்டுப்போகும். கோடுகள் அறுந்து, ஒண்ணோட பாதி இன்னொண்ணோட பாதியில இணைஞ்சுக்கும். இதுதான் காந்த மறுஇணைப்பு. இணைஞ்ச கோடு உண்டிவில் ரப்பர் மாதிரி சுண்டி இழுத்துக்கும். (கோடுங்கிறது நம்ம வசதிக்கு வரையிற படம்தான்.)

1950-கள்ல ஸ்வீட்டும் பார்க்கரும் இதுக்குப் போட்ட கணக்குல ஒரு சிக்கல். அந்தக் கணக்குப்படி இது நடக்க மாசக்கணக்காகும். சூரியன்ல நிமிஷங்கள்ல முடியுது! இன்னைக்குச் சொல்லப்படுற முக்கியமான விடை: இணையிற அந்த மெல்லிய அடுக்கு உடைஞ்சு, காந்தத் தீவுகளா சிதறுது.

எனக்குப் பிடிச்ச இடம் இதுதான். தீவு நீளமா உருவாகி, உருண்டையா சுருங்கும். உள்ள மாட்டின எலக்ட்ரான் ரெண்டு முனைக்கும் நடுவுல ஓடிக்கிட்டே இருக்கும். முனைகளோ எதிர்ல வருது. முன்னால வீசுற பேட்ல பட்ட பந்து, வந்ததைவிட வேகமா திரும்புமில்ல? அப்படி ஒவ்வொரு முட்டலுக்கும் கொஞ்சம் வேகம் கூடும். குடுக்கிறது, நகர்ற முனையோட வர்ற மின்புலம். சில எலக்ட்ரான்கள் ஒளிவேகத்துல பாதியைத் தாண்டிடும். எந்த வெடிப்புல இந்த வழி எவ்வளவு முக்கியம்னு இன்னும் விவாதம் ஓடுது.

அந்த எலக்ட்ரான்கள் கீழ அடர்த்தியான அடுக்குல மோதுறப்ப வன் எக்ஸ் கதிர் கிளம்பும். 2023 செப்டம்பர் 2-ல ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து போன ஆதித்யா எல்1-ல, அதைப் பாக்கவே ‘ஹீலியோஸ்’னு ஒரு கருவி இருக்கு. (திட்ட இயக்குநரா இருந்த நிகர் ஷாஜி, நம்ம செங்கோட்டைக்காரர்.) அக்டோபர் 29-ல, வெடிப்பு சட்டுனு எகிறுற தொடக்கக் கட்டத்தையே அது பதிவு பண்ணிடுச்சு.

எக்ஸ் கதிர் எட்டு நிமிஷத்துல நம்மகிட்ட வந்துடும். துகள்கள் பின்னால வரும். செயற்கைக்கோளைப் பாத்துக்கிறவங்களுக்குக் கிடைக்கிற அவகாசம் அந்த இடைவெளிதான்.