வை-ஃபை பாஸ்வேர்டு கேட்டா கொடுக்கலாமா? மோடத்தில் மாற்றவேண்டிய 5 விஷயங்கள்!

"அக்கா, உங்க வை-ஃபை பாஸ்வேர்டு சொல்லுங்களேன்... ஒரே ஒரு ஃபார்ம் அப்ளை பண்ணிக்கிறேன்!"

மதுரையில் காம்பவுண்டு வீட்டில் குடியிருப்பவர்களுக்குப் பழக்கமான குரல்தான் இது. ஒரே வாசலுக்குள் ஐந்தாறு குடும்பங்கள். காபித்தூளும் சர்க்கரையும் கைமாறுற இடத்துல, பாஸ்வேர்டுக்கு மட்டும் எப்படி 'இல்லை'ன்னு சொல்றது? சொல்லிடுவோம். அந்தத் தம்பி தன் ஃப்ரெண்டுக்குச் சொல்வான். அப்புறம், "நெட் ஏன் இவ்ளோ ஸ்லோ?"ன்னு நாம புலம்புவோம்.

ஸ்பீடு குறைவதுகூட சின்னப் பிரச்னைதான். உங்கள் மோடம் வழியாக யார் எதை அனுப்பினாலும், வெளியில் பதிவாவது உங்கள் கனெக்‌ஷனின் ஐ.பி. முகவரி. 2008 ஜூலை 26-ம் தேதி அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடங்கள் முன்பு டி.வி. சேனல்களுக்கு ஒரு மிரட்டல் இமெயில் வந்தது. ஐ.பி. முகவரியைப் பிடித்துக்கொண்டு போன போலீஸ் நின்ற இடம், நவி மும்பையில் தங்கியிருந்த ஓர் அமெரிக்கரின் வீடு. பாதுகாப்பில்லாத அவரது வை-ஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். ஆனால், முதலில் விசாரணையைச் சந்தித்தது அவர்தான்.

அதுக்காக யாருக்குமே கொடுக்கக் கூடாதா? கொடுக்கலாம், முறையா!

வை-ஃபையில் இணைந்த மொபைலில் பிரவுசரைத் திறந்து, மோடத்தின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும் முகவரியை டைப் செய்யுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும்.

1. அட்மின் பாஸ்வேர்டு

இது வை-ஃபை பாஸ்வேர்டு இல்லை. மோடத்தின் செட்டிங்ஸுக்குள் நுழையும் பாஸ்வேர்டு. பல மோடங்களில் 'அட்மின்' என்றே கிடக்கும். முதலில் இதை மாற்றுங்கள். 2017-ல் பி.எஸ்.என்.எல். மோடங்கள் பல மால்வேரால் முடங்கியதற்கு, மாற்றப்படாத இந்தப் பாஸ்வேர்டுதான் வழிவிட்டது.

2. செக்யூரிட்டி முறை

டபிள்யூ.இ.பி. என்பது 1997-ல் வந்த பழைய பூட்டு. 2001-லேயே அதை உடைக்கும் வழி வெளியாகிவிட்டது. குறைந்தபட்சம் 'டபிள்யூ.பி.ஏ.2 - ஏ.இ.எஸ்.' இருக்கட்டும். டபிள்யூ.பி.ஏ.3 இருந்தால் இன்னும் நல்லது. பழைய மொபைல் இணையவில்லை என்றால் இரண்டும் கலந்த மோடைத் தேர்வு செய்யுங்கள். பாஸ்வேர்டாக மொபைல் நம்பர் வேண்டாமே!

3. டபிள்யூ.பி.எஸ்.

8 இலக்க பின் நம்பரில் சுலபமாக இணையும் வசதி. அந்த நம்பரை இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால், அதிகபட்சம் 11,000 முயற்சியில் கண்டுபிடித்துவிடலாம் என்று 2011-ல் தெரியவந்தது. ஆஃப் செய்துவிடுங்கள்.

4. கெஸ்ட் நெட்வொர்க்

பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க வேண்டியது இதைத்தான். தனிப் பெயர், தனி பாஸ்வேர்டு. உங்கள் லேப்டாப், சி.சி.டி.வி. இருக்கும் நெட்வொர்க்குக்குள் அவர்கள் வர மாட்டார்கள். ஆனால், ஐ.பி. முகவரி அப்போதும் உங்களுடையதுதான். அதனால் நம்பிக்கையானவர்களுக்கு மட்டும் கொடுங்கள். வேலை முடிந்ததும் ஆஃப் செய்யுங்கள்.

5. மேக் ஃபில்டர்

ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு மேக் அட்ரஸ் உண்டு. அதை வைத்து ஒருவரை பிளாக் செய்யலாம். ஆனால், இன்றைய ஆண்ட்ராய்டும் ஐபோனும் நிஜ அட்ரஸை மறைத்து ரேண்டம் அட்ரஸ் காட்டுகின்றன. செட்டிங்கை மாற்றினால், பிளாக் ஆன மொபைல் வேறு அட்ரஸில் திரும்ப வந்துவிடும். பாஸ்வேர்டை மாற்றுவதுதான் நிஜமான தீர்வு.

ஒரு எச்சரிக்கை: குழப்பம் வந்தால் ரீசெட் பட்டனை அழுத்திவிடாதீர்கள். நெட் கம்பெனி போட்டுவைத்த பி.பி.பி.ஓ.இ. யூசர்நேமும் சேர்ந்து அழிந்துவிடலாம். அப்புறம் டெக்னீஷியன் வரும்வரை நெட் கிடையாது!

இன்னிக்கு ராத்திரி எல்லோரும் தூங்கினதும், மோடத்தில் 'கனெக்டட் டிவைசஸ்' பட்டியலைத் திறந்து பாருங்க. உங்க வீட்டு மொபைல், டி.வி. எல்லாத்தையும் கழிச்ச பிறகும் சாதனங்கள் மிச்சம் இருக்கா? பாஸ்வேர்டை மாத்துற நேரம் வந்துடுச்சு!