கவலையும் அதன் சிகிச்சையும்

ஊத்துக்கோட்டை வட்டாரத்துச் சங்கங்களை ஆய்வு செய்யச் செல்லுங்கால், தவணை தவறிய அங்கத்தினர்களின் இல்லங்களுக்கு நாம் நேரில் செல்வதுண்டு. சென்ற ஆண்டு ஒரு நெசவாளர் இல்லத்தில், சங்கம் அனுப்பிய கடிதங்கள் மூன்று உறை பிரிக்கப்படாமலே மாடத்தில் கிடந்தன. அவற்றைக் கண்டாலே நெஞ்சு படபடப்பதாகவும், இரவில் உறக்கமே வருவதில்லை என்றும், சங்கம் இருக்கும் தெருவில் நடப்பதையே விட்டுவிட்டதாகவும் அவர் கூறினார். அவர் அனுமதியுடன் உறைகளைப் பிரித்துப் படித்தோம். வட்டிச் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம் என்பதே மூன்றாம் கடிதத்தின் செய்தி. அதற்குரிய கெடுவோ கடந்து பதினொரு நாட்கள் ஆகியிருந்தன!

இத்தகையோரை, ‘வேண்டுமென்றே தவணை தவறியவர்’ என்று நாமே பன்முறை குறிப்பெழுதியிருக்கிறோம். அது பிழை என்பதை அன்று உணர்ந்தோம்.

கவலை முழுவதும் நோயன்று. பிச்சாட்டூர் அணை திறக்கப்பட்டது என்ற செய்தி வந்தவுடன் ஆரணியாற்றங்கரை விவசாயி பதறுகிறார். மோட்டாரை மேட்டில் ஏற்றுகிறார். வெள்ளம் வடிந்ததும் பதற்றமும் வடிகிறது. அக்கவலை அவரைக் காக்கிறது. ஆயின், காரணம் நீங்கிய பின்னும் மாதக்கணக்கில் நின்று, உறக்கத்தையும் உழைப்பையும் கெடுக்கும் கவலைக்குச் சிகிச்சை வேண்டும். தைராய்டு சுரப்பு மிகுதல் போன்ற உடற்கோளாறுகளாலும் படபடப்பு வருமாதலால், முதலில் மருத்துவரிடம் காட்டுவதே முறை.

அச்சம் தரும் பொருளை விட்டு விலகினால் உடனே சிறிது நிம்மதி பிறக்கிறது. அந்த நிம்மதியின் சுவை கண்ட மனம் மறுநாளும் விலகவே தூண்டுகிறது, அச்சமோ வளர்கிறது. பாவில் அறுந்த இழையை அப்பொழுதே பிணைக்காமல் தறியை ஓட்டினால், குறை துணியின் நீளமெல்லாம் தொடர்வதை நெசவாளர் அறிவர். இதுவும் அத்தகையதே.

இதற்கு மாற்றாக, தளர்நிலைப் பயிற்சியோடு அச்சத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளும் முறையை ஜோசப் வோல்பி என்னும் தென்னாப்பிரிக்க மருத்துவர் 1958 ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். 1960களில் அமெரிக்க மருத்துவர் ஆரன் பெக், மனத்தில் தாமே எழும் எண்ணங்களைச் சோதித்துத் திருத்தும் முறையை வகுத்தார். இவ்விரு வழிகளும் இணைந்து வளர்ந்ததே இன்றைய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை.

முதல் நாள் உறையைக் கையில் வைத்திருத்தல், அடுத்து ஒருவர் துணையுடன் பிரித்தல், பின்பு தனியே படித்தல், இறுதியில் அலுவலகம் செல்லல் என ஏணிப்படி போல் ஏறுவது ஒரு பகுதி. ‘தறியைப் பறித்துவிடுவார்கள்’ என்ற எண்ணம் எழுந்தால், அதற்குச் சான்று யாது என்று வினவுவது மற்றொரு பகுதி. கவலைகளைத் தாளில் எழுதி, நம்மால் தீர்க்கக் கூடியவை, கூடாதவை என இரு பத்தியாகப் பிரித்து, முதற் பத்தியில் ஒன்றை இவ்வாரமே செய்து முடிப்பதும் உதவும். வரவு செலவு எழுதிப் பழகியோர்க்கு இது கடினமன்று.

இதற்குப் பெரும் படிப்பாளிகள்தாம் வேண்டுமோ? கோவாவில் மருத்துவப் படிப்பில்லாத ஆலோசகர்களைப் பயிற்றுவித்து, 24 சிகிச்சை நிலையங்களில் நடத்திய ஆய்வின் முடிவு 2010 இல் வெளியாயிற்று. அரசு நிலையங்களில் மனச்சோர்வும் பதற்றமும் உடையோர் தெளிவான பயன் பெற்றனர். ஜிம்பாப்வே நாட்டில் டாக்டர் டிக்சன் சிபாண்டா, பயிற்சி பெற்ற பாட்டிமாரை மர இருக்கையில் அமர்த்தி, துயருற்றோர்க்கு வழி காட்டச் செய்தார். அயலார்க்கு அயலார் துணை என்பதன்றோ கூட்டுறவின் வேரும்!

எனினும், சிகிச்சை கடனை அடைக்காது. கூலி குறைவையும் விளைபொருளின் விலை வீழ்ச்சியையும் அது நீக்காது. அவற்றை எதிர்கொள்ளும் வலுவையே தரும். ஆதலின் காரியதரிசிகளுக்கு நமது வேண்டுகோள்: இரண்டாம் கடிதத்துக்கும் விடை இல்லையெனில் மூன்றாவதை அஞ்சலில் அனுப்பாதீர், நேரில் செல்வீர்.

அங்கத்தினர்களுக்கும் ஒரு சொல். மாவட்ட மனநலத் திட்டத்தின் வாயிலாக அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். உயிரை மாய்க்கும் எண்ணம் எழுமாயின் ஒரு கணமும் தாமதித்தல் கூடாது. சிலருக்கு மருந்தும் தேவைப்படும். அதை மருத்துவர் சொல்லாமல் நிறுத்துதல் தகாது.

அந்நெசவாளருக்குக் கெடு கடந்த சலுகை கிட்டவில்லை. ஆயின், சில மாதச் சிகிச்சைக்குப் பின் தாமே அலுவலகம் வந்து தவணையைப் பிரித்துக் கட்ட இசைவு பெற்றார். இப்போது கடிதம் வந்தால் அன்றே பிரித்துவிடுகிறார். கை சிறிது நடுங்குவது இன்னும் உண்டு என்கிறார்.